நான் தின்ற அறுகோணம்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஓணம் லீவில் நாங்கள் போனக்காட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. நான் அப்போதும் இப்போதும் திருவனந்தபுரத்தில் சர்க்கார் குமாஸ்தா. ஜாகை கிழக்கேகோட்டைக்குள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் வேலை பார்த்த என் சிநேகிதர் லீவுக்குச் சொந்த ஊர் போகிறவர், "பத்து நாள் என் குவார்ட்டர்ஸ் சும்மாதானே கிடக்கும், போய்க் குளிர் காயுங்களேன்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து நாகர்கோவிலிலிருந்து என் மச்சினியும் அவள் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கேள்வி என்று ஒன்று கண்ணில் பட்டால் விடை காணாமல் சாப்பாட்டில் உட்காராதவர். நால்வருமாகப் புறப்பட்டோம். விதுரை வரை பஸ், அப்புறம் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரி. ஐந்தாவதாக எங்களோடு ஒரு மூட்டையும் வந்தது.

அந்த மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி சிறு வயதில், கோட்டைக்குள் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றவள். துண்டுத் துணிகளை ஆறு பக்கமாக வெட்டி, தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று இணைத்துத் தைப்பது. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் போர்வை எதற்கு என்று கேட்கக் கூடாது. நான் கேட்டுப் பட்டிருக்கிறேன். குடித்தனம் வைத்த புதிதில் ஆரம்பித்த போர்வை அது. எங்கள் பையன் பிறக்குமுன் முடிய வேண்டியது, அவன் காலேஜில் சேர்ந்தும் முடியவில்லை. எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும், வர்க்கலைக் கடற்கரையில் நாலு நாள் தங்கினாலும், "இந்தத் தடவை முடிச்சுடுவேனாக்கும்" என்று மூட்டையைக் கட்டுவாள். அது முடிச்சு அவிழாமல் ஊர் பார்த்துத் திரும்பிவிடும். 'நம் குடும்பத்தில் அதிகம் யாத்திரை செய்தது இந்த மூட்டைதான்' என்று நான் கேலி பேசுவது வழக்கம்.

நான் வழக்கமாகப் பேசுவது இன்னொன்றும் உண்டு. பெண் பார்க்கப் போன கதை. "தட்டில் வைத்த பஜ்ஜி ஆறவில்லை, அதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன்" என்பதுதான் அதன் சாரம். விருந்தாளி யார் வந்தாலும் சொல்லுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பஜ்ஜிக்கு வெங்காயம், வாழைக்காய் என்று எத்தனையோ அவதாரம். என் மனைவி ஒரு தடவைகூட மறுத்ததில்லை. கையிலிருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள். போனக்காட்டில் முதல் நாள் காலையிலும் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பல் தேய்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கால் வைத்தால் அட்டை. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணப்பில் விறகைப் போட்டுவிட்டு நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. என் மனைவி மூட்டையை அவிழ்த்தாள்.

ஒட்டுப்போர்வையின் முன்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு துணிக்கும் உள்ளே அதே வடிவத்தில் வெட்டிய காகிதம் இருந்தது. துணியின் விளிம்பைக் காகிதத்தின்மேல் மடித்து நூலோட்டி, அடுத்த துண்டோடு சேர்த்துத் தைக்கிறார்கள். காகிதம் இருந்தால்தான் மூலை சரியாக வருமாம். ஆறு பக்கத்திலும் அண்டை வீடு வந்தபிறகு காகிதத்தை உருவி எடுத்துவிட வேண்டும். அக்காளும் தங்கையும் நூலை வெட்டிக் காகிதங்களை உருவ ஆரம்பித்தார்கள். நடுவிலிருந்து முதலில் வந்ததை என் மனைவி தனியாக, நாங்கள் கொறித்துக்கொண்டிருந்த நேந்திரங்காய் உப்பேரித் தட்டின் பக்கத்தில் வைத்தாள். மற்றவை பாயில் விழுந்தன.

"அக்கா, இதுலே என்னமோ எழுதியிருக்கே!" என்றாள் மச்சினி.

வாத்தியாருக்கு அது போதாதா? அறுகோணம் வேறு, அதில் எழுத்து வேறு! எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பலகையில் பரப்பி, வரிக்கு வரி பொருத்த ஆரம்பித்துவிட்டார். பென்சிலில் எழுதின தமிழ். ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம்.

"'தலை நிமிரவே இல்லை'... 'எந்நேரமும் கையில் ஊசி'... அண்ணா, இங்கே பாருங்கோ, 'சந்நியாசம்'னு ஒரு வார்த்தை! எவனோ ஒருத்தன் சந்நியாசம் போறானாக்கும்!"

எனக்கும் முதலில் ஒரே ஆவல்தான். பலகைமேல் குனிந்து, "கடன்காரனாயிருக்கும்" என்று ஒரு ஊகத்தையும் சொன்னேன். அவர் அடுத்த துண்டைப் பொருத்தினார். "'தீர்த்தரூபருக்கு'ன்னு ஆரம்பிக்கறது. அப்பாவுக்கு எழுதினது. வேடிக்கையைக் கேட்டேளா? பாரா ஒண்ணு, பாரா ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கான்! பெத்த தகப்பனுக்குப் பாரா நம்பர் போட்டு எழுதின அந்த மகான் யாரப்பா?"

அந்த மகான் உப்பேரியைக் கையில் பிடித்தபடி கல்லாகிவிட்டான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆபீஸில் எதையும் முதலில் டிராஃப்ட் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகுதான் நல்ல பிரதி எடுப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொந்தக் கடிதங்களையும் அப்படியே எழுதி, டிராஃப்டுகளை நாடா போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருந்தேன். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் என் தகப்பனாருக்கு எழுதியதும் அந்தக் கட்டில்தான் இருந்தது. 'இந்தப் பெண் வேண்டாம். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியும் கந்தலுமாக உட்கார்ந்திருக்கிறாள். கட்டாயப்படுத்தினால் சந்நியாசம்.' இதுதான் சுருக்கம். தகப்பனார் பதிலில் முகூர்த்த நாளை மட்டும் எழுதியிருந்தார். டிராஃப்ட் கட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். கரையான் பாவம், அதன்மேல் பழி.

அந்தக் கதையையும் அந்தப் பஜ்ஜியையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருப்பவள், இருபத்திரண்டு வருஷம் என்னோடு சுகமும் கஷ்டமும் பட்டவள். அவள் தங்கையும் தங்கை புருஷனும் பார்த்துக்கொண்டிருக்க, 'இவளை வேண்டாம் என்று எழுத்துமூலம் தெரிவித்தவன் இவன்' என்று இன்னும் ஐந்து நிமிஷத்தில் பலகையில் தெளிவாக வந்துவிடும். அதன்பிறகு அவள் சிரிப்பாளா?

தட்டின் பக்கத்தில் தனியாக இருந்த துண்டைப் பார்த்தேன். 'பெண்ணைப் பார்த்த வகையில்' என்று அதன் முதல் வரி என் கண்ணைக் குத்தியது. அதன் கீழே இருந்தவற்றைப் படிக்கப் பொறுமையில்லை. வாத்தியார் அதற்கும் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கணப்பில் போடலாம் என்றால் நடுவில் அவர் முழங்கால். ஒளிக்கலாம் என்றால் நான் கட்டியிருந்தது வேஷ்டி, போர்த்தியிருந்தது கம்பளி, பையே கிடையாது. சர்க்கார் உத்தியோகஸ்தன் ஆபத்தில் எப்படி யோசிப்பான் என்று கேட்டால் சொல்லுகிறேன், யோசிக்கவே மாட்டான். துண்டை நாலாக மடித்து, இரண்டு உப்பேரிக்கு நடுவில் வைத்து, வாயில் போட்டுக் கறுமுறுவென்று மென்றேன்.

"இங்கே ஒண்ணு இருந்ததே?" என்றார் வாத்தியார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இருபது வருஷத்துக் காகிதம் அவ்வளவு சுலபத்தில் தொண்டையில் இறங்காது. ஒரே கசப்பு வேறு. காபியை ஊற்றி இறக்கினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது மகா புத்திசாலித்தனம்.

சிறிது நேரம் கழித்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மச்சினி வீலென்று கத்தினாள்.

"அத்திம்பேர்! உங்க நாக்கு!"

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். நாக்கு, உதடு, பல் எல்லாம் ஒரே ஊதா! அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆபீஸில் டிராஃப்ட் எழுதுவது காப்பியிங் பென்சிலால். உலர்ந்திருக்கும்வரை அது சாதாரணப் பென்சில்தான். ஈரம் பட்டால் ஊதா மையாகிவிடும்.

"நாவல்பழம் தின்னேன்" என்றேன்.

"ஏதண்ணா? நாவல்பழமெல்லாம் ஆடியோட தீந்து போயிருக்குமே. இது ஆவணியாக்கும்" என்றார் வாத்தியார். அவரை யார் கேட்டார்கள்?

மலைக்காய்ச்சல் என்றாள் மச்சினி. விஷப்பூச்சி என்றார் அவர். நான் வேண்டாம் வேண்டாம் என்று ஊதா வாயால் சொல்லச் சொல்ல, அவர் குடையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸரை அழைத்துவந்துவிட்டார். டிரஸ்ஸர் மார்த்தாண்டத்துக்காரர், நிதானமான மனிதர். கையில் விளக்கெண்ணெய் சீசா இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நாக்க நீட்டுங்க சாமி" என்றார். நீட்டினேன். விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்துவிட்டு, பயம் வேண்டாம் என்று கையமர்த்தினார். "பேடிக்காண்டாம். இது காய்ச்சல், தீனம் ஒண்ணும் இல்ல கேட்டியளா. இங்க ஆள்கணக்கு எழுதுத கணக்கப்பிள்ளைக்க நாக்கு வருசம் பூரா இந்த நெறந்தான். பென்சில நாக்குல தொட்டுத் தொட்டு எழுதுவாரு. அது சரி, லீவுல வந்த சாமி எதுக்குப் பென்சிலத் தின்னீங்க?"

வாத்தியார் பலகையைப் பார்த்தார்; காலியாயிருந்த இடத்தைப் பார்த்தார்; பாரா நம்பரைப் பார்த்தார்; கடைசியில் என் வாயைப் பார்த்தார். கணக்குக்கு விடை வந்த முகம் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மச்சினி அவர் கையைப் பிடித்து, "வாங்கோ, டிரஸ்ஸருக்குக் காபி கலக்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். காபி கலக்க மூன்று பேர் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் மனைவி நூல் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எத்தனை தின்னேள்?"

"ஒண்ணே ஒண்ணு."

"எது?"

"'பெண்ணைப் பார்த்த வகையில்'னு இருந்தது."

கத்தரிக்கோல் நின்றது. "அடடா! அதைப் போயா தின்னேள்? மத்த பதினஞ்சையும் தின்னிருக்கலாமே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அதை மனப்பாடமாகச் சொன்னாள். "'பெண்ணைப் பார்த்த வகையில், ஒரு தடவை சிரித்தாள் என்பதையும், அது நன்றாயிருந்தது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.' அப்படி எழுதிப்பிட்டு, குறுக்கே ரெண்டு கோடு போட்டு அடிச்சிருந்தேள். அடிச்சா படிக்க முடியாதா என்ன?"

நல்ல பிரதியில் அந்த வரி போயிருக்காது. என் தகப்பனாருக்குத் தெரியாதது, எனக்கே மறந்து போனது, அவளுக்குத் தெரிந்திருந்தது. என் பக்கம் சாட்சி சொல்ல உலகத்தில் இருந்த ஒரே துண்டை நானே உப்பேரியோடு தின்றிருக்கிறேன்.

"நீ இதை எப்போ பார்த்தே?"

"வந்த புதுசுலே, அலமாரி ஒழிக்கறச்சே. கோபத்துலேதான் பதினாறு துண்டா வெட்டினேன். வெட்டினப்பறம், நல்ல காகிதம் வெறுதே போவானேன்னு துணிக்குள்ளே வச்சேன். அந்த ஒண்ணை மட்டும் நடுவுலே வச்சேன்."

"அப்போ இத்தனை வருஷம் ஏன் முடிக்கலை?"

"முடிக்கணும்னா காகிதத்தை உருவணும். உருவினா உங்க கண்ணுலே படும். அப்பறம் நீங்க பஜ்ஜிக் கதை சொல்ல மாட்டேள். நான் அதைக் கேக்கணுமோல்லியோ?"

"பின்னே இப்ப மாத்திரம் ஏன் அவிழ்த்தே?"

"குளிர்றதே!" என்று சொல்லிச் சிரித்தாள். டிராஃப்டில் எழுதியிருந்தது சரிதான்.

பத்தாம் நாள் போர்வை முடிந்தது. அடித்துணி கோப்பதற்கு முன், என் மனைவி வெற்றுக் காகிதத்தில் ஒரு அறுகோணம் வெட்டி என்னிடம் நீட்டினாள். "தின்ன வரியைத் திருப்பி எழுதிக் கொடுங்கோ."

"டிராஃப்ட் போட்டுக்கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். நேரே எழுதுங்கோ."

சிநேகிதரின் மேஜையில் கிடந்த காப்பியிங் பென்சிலை எடுத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக டிராஃப்ட் இல்லாமல் எழுதினேன். அதை அவள் நடுவில் வைத்து மூடித் தைத்துவிட்டாள். சலவைக்குப் போன முதல் தடவையே மை ஊறி, போர்வையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை பூத்தது. எத்தனை வெளுத்தும் போகவில்லை. வருகிறவர்கள் இது என்ன கறை என்று கேட்டால், "அதுவா, இவரோட நாக்கு" என்பாள்; நான் உடனே பஜ்ஜிக் கதையை ஆரம்பித்துவிடுவேன்.

இன்றைக்கும் ஆபீஸில் டிராஃப்ட் எழுதும்போது ஒரு வரியை அடிக்கப் பென்சிலைத் தூக்கினால் நாக்கில் அந்தக் கசப்புத் தட்டுகிறது. அது நாலு நல்ல வார்த்தையாயிருந்தால் அடிக்காமலே விட்டுவிடுகிறேன்.