அப்பா பளபளப்பாக்கிய முறுக்கு அச்சு

தேங்காய்ப்பாலும் எள்ளும் கலந்த மாவு கொதிக்கிற எண்ணெயில் இறங்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். நான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில், ஒரே பிளாட்டைப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விட்டிருந்த இடத்தில், ஒரு தடுப்புக்குள் இருந்தோம். அம்மா நர்ஸ், அப்பாவுக்குத் துபாய் அல் கூஸில் ஒர்க்‌ஷாப் வேலை. பிளாட்டை உள்வாடகைக்கு விட்ட அண்ணாச்சிக்கு ஒரே சட்டம்தான்: "எண்ணெயில பொரிக்கப்பிடாது. புகை அலாரம் அடிச்சா முனிசிபாலிட்டி ஆள் வருவான், தடுப்பைப் பாப்பான், எல்லாருக்கும் கலாஸ், இடம் காலி." அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது, ரூம் போனால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா இல்லாத ஊரை நினைத்தாலே போய் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் கிறிஸ்துமஸ் வந்தால் நாகர்கோவில்காரியால், பூ வடிவ அச்சை மாவில் முக்கி எண்ணெயில் இறக்கும் "அச்சு முறுக்கு" சுடாமல் இருக்க முடியுமா? அண்ணாச்சி வெளியே போன ஒரு வெள்ளிக்கிழமை, ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, பொதுச் சமையலறையில் அம்மா எண்ணெய் காயவைத்தாள். அப்போதுதான் அப்பா பெருமையாகப் பொட்டலத்தைப் பிரித்தார். வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்த அந்த வார்ப்பிரும்பு அச்சை, அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், மெஷினில் தேய்த்து வெள்ளிபோல ஆக்கியிருந்தார் மனுஷர்!

"ஐயோ, அச்சைக் கெடுத்துட்டியளே! அந்த எண்ணெய்க் கறுப்பு இருந்தாத்தான மாவு கழலும், இனி விடுமா?" என்று அம்மா தலையில் கைவைத்தாள். இருந்தும் ஆசை விடவில்லை. முக்கினாள், எண்ணெயில் இறக்கினாள், உதறினாள், கம்பியால் தட்டினாள்; மாவு இரும்பைக் கவ்விக்கொண்டு கருகியது, புகை கூரைக்கு ஏறியது. நான் கூரை அலாரத்தில் மினுக்கிய சிவப்பு விளக்கையே பார்த்தபடி, "இயேசப்பா, அடிக்கக்கூடாது, அடிக்கக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அடித்துவிட்டது.

கட்டடமே கீழே இறங்கி நின்றது. அம்மா என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்திருந்தாள். முனிசிபாலிட்டி ஆள் வந்து பார்த்து, தடுப்பைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போன பிறகு வந்த அண்ணாச்சி கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "பிள்ளைய ஊருக்கு அனுப்பிருங்க. வேற வழி இல்ல" என்றார், அவ்வளவுதான். அந்த மாதமே அப்பா கம்பெனியின் லேபர் கேம்புக்கும், அம்மா நர்ஸ் ஹாஸ்டலுக்கும், நான் ஊர் போர்டிங்குக்கும் போனோம். அதன்பின் அவர்களை லீவில்தான் பார்த்தேன்.

இன்று அதே அஜ்மானில் என் பெயரிலேயே பிளாட் இருக்கிறது. பலகைத் தடுப்பும் இல்லை, சட்டம் போட அண்ணாச்சியும் இல்லை. போன டிசம்பரில் விசிட்டில் வந்திருந்த அம்மாவுக்காக, கடையில் வாங்கிய ஒட்டாத அச்சை எண்ணெயில் இறக்கினேன். முறுக்கு அழகாகக் கழன்றது. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வாசல் கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டு, என் மகளை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அடுப்பை அணைச்சிரு மக்களே" என்றாள் என்னிடம்.

அணைத்துவிட்டேன்.