கடல் பக்கத்து ஜன்னல்

அந்த மீனவ ஊரில் பாதி வீடுகள் கொத்தனார் கட்டியவை. மீதி அவருடைய அப்பா கட்டியவை. எல்லா வீட்டுக்கும் வாசல் தெருவைப் பார்த்து இருக்கும். கடல் பக்கம் இரண்டடி கனத்தில், ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர். உப்புக்காற்று கதவைத் தின்றுவிடும், மணல் சோற்றில் விழும். விடியலிலிருந்து கடலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்குள்ளும் அந்த முகமே வேண்டுமா என்ன.

ஒரு கோடையில், கடல்காற்று நல்லதென வைத்தியர் சொன்னாரென்று ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் இருமிக்கொண்டே வந்து, வலை போட்டுவைக்கும் வீடொன்றை வாடகைக்குப் பிடித்தார். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, பின்சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னார்.

"ஐயா, அது கடல் பக்கம்ங்க."

"தெரியும்பா. அதனாலதான்."

"காத்து உள்ள வரும்."

"வரட்டும்."

"மண்ணும் வரும்ங்க."

"பெருக்கிக்கலாம்."

மனுஷனுக்கு இருமல் மட்டும்தான் வியாதியா என்று கொத்தனாருக்குச் சந்தேகம் வந்தது. இருந்தாலும் உடைத்து வைத்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஜன்னல் கொண்டியைச் சரிபார்க்கப் போனபோது, அதிகாரி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கய்யா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா."

அந்தச் 'சும்மா' கொத்தனாரைப் படுத்தி எடுத்தது. மூன்று நாள் முதுகு ஒடிய உடைத்த சுவர் சும்மாவுக்கா?

அடுத்த கோடையில் கடல் பார்க்கப் பதினோரு குடும்பங்கள் வந்தன. அதற்கடுத்த வருஷம் கணக்கே இல்லை. எல்லோருக்கும் அறை வேண்டும், அறைக்குக் கடல் தெரிய வேண்டும். கொத்தனாருக்கு மூச்சுவிட நேரமில்லை. இருபது வருஷம் கட்டியதை ஆறே வருஷத்தில் ஓட்டை போட்டார்.

"நீங்க கட்டினதை நீங்களே இடிக்கறீங்க. கேட்டா வேலைங்கறீங்க" என்றாள் மனைவி.

"நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அதைத் தெரிந்துகொள்ளக் கொத்தனார் ஒரு காலையில் வேலைக்குப் போகாமல், புதிதாக வைத்த ஜன்னல் ஒன்றின் முன் உட்கார்ந்து பார்த்தார். மைத்துனனின் படகு தெரிந்தது, பாய் கிழிந்திருந்தது. மேற்கே மேகம் கறுத்தது; சாந்து காயாதே என்று கவலை வந்தது. பக்கத்து அறைக்கு வந்திருந்த அம்மாள், "என்ன அமைதி பாருங்க" என்றாள். அலை காதைப் பிளந்துகொண்டிருந்தது. கொத்தனார் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பிறகு கடலோரமாகவே சாலை போட்டார்கள். வந்தவர்களெல்லாம் அந்த வழியாக நடந்து, கொத்தனார் தன் வீட்டிலும் வைத்திருந்த ஜன்னல் வழியே அடுப்படிக்குள் எட்டிப்பார்த்து அறை காலியா என்று கேட்டார்கள். மீனும் கையுமாக நின்ற மனைவிக்கு மானம் போயிற்று. அடுப்படியைத் தெருப்பக்கம் மாற்றச் சொன்னாள். மாற்றினார். அறை கேட்டு வருகிறவர்களுக்காகக் கடல் பக்கமும் ஒரு கதவு வைத்தார். அன்றிலிருந்து காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவைப் படார் படாரென்று அடித்தது.

வீடுகளுக்கு எண் போட நகரசபை குமாஸ்தா வந்தார்.

"இதுல முன்பக்கம் எதுங்க?"

கொத்தனார் தெருப்பக்கம் போய்ப் பார்த்தார். சுற்றிக்கொண்டு கடல் பக்கம் வந்து பார்த்தார். தன் கையால் எழுப்பிய வீடுதான்.

"நீங்களே ஏதாவது எழுதிக்குங்க" என்றார்.

குமாஸ்தா கடல் பக்கக் கதவில் எண் எழுதிய தகரத்தை அடித்துவிட்டுப் போனார். கொத்தனாரும் மனைவியும் கடைசிவரை தெருப்பக்கமாகவே வந்துபோனார்கள். கடிதங்கள் மட்டும் மறுபக்கம் வந்து விழுந்தன. பலவற்றை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார்கள்.