பாய்லருக்கு மேலே ஓர் அறை

எங்கள் வீட்டுப் பாய்லர் ஒரு நாள் வெடிக்கும் என்று என் கணவர் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மழை வரும் என்று சொன்னால் நான் வடகம் காயப்போடுகிறவள். அதனால் இதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பசுந்தாங் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே செங்கல், மேலே தேக்குப் பலகை. இட்லியும் இடியாப்பமும் அவித்து டீக்கடைகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். பின்கட்டில் நின்ற பாய்லர் ஆளுயர இரும்பு உருளை. அடியில் விறகு எரியும். ஆவி கிளம்பி, குழாய் வழியாகத் தட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்குள் போகும். மூடிப்போன சலவைக்கடை ஒன்றிலிருந்து பழசாக வாங்கியது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுபாட்டுக்கு வேலை செய்யும். இந்த ஊரில் ஒரு சாமானுக்கு அதைவிடப் பெரிய குணம் வேண்டாம்.

ஒரு நாள் விடிகாலையில், தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் படாரென்று உடைந்தது. ஆவி என் இடது கையில் முழங்கை வரை அடித்தது. வலியில் கத்தினேன். ஆனால் கத்தும்போதே எனக்கு என் கையைப் பற்றிக் கவலையில்லை. கூரையைத்தான் பார்த்தேன். பாய்லருக்கு நேர் மேலே உள்ள அறையில்தான் என் மகன் இருந்தான்.

அவன் அங்கே இருப்பது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். அவனுக்கு இருபத்து நாலு வயது. பர்மாவில் இளவட்டங்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் வந்து, வார்டு ஆபீசில் பெயர்களை எழுத ஆரம்பித்ததும், தெருவில் பாதிப் பையன்கள் வெளிநாடு போனார்கள். என் மகனுக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. அதனால் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். பட்டப்பகலில், தெருவே பார்க்க, பெட்டியோடு அவனை டாக்ஸியில் ஏற்றி, மலேசியா போகிறான் என்று சொல்லி, மிங்கலாடோன் விமான நிலையம் வரை போனோம். நாங்கள் இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்பினோம். அவன் அன்று சாயங்காலம் கொட்டுகிற மழையில், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பின்சந்து வழியாக வந்து மாடி ஏறினான். அன்றிலிருந்து எட்டு மாதம், ஐந்தடி பத்து அங்குலப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி உடைந்த அன்றே தாமுவேயிலிருந்து பாய்லர் வேலைக்காரர் ஒருவரை வரவழைத்தார் என் கணவர். அறுபதை நெருங்கும் ஆள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் நன்றாகப் பேசுவார். எண்ணுவதும் திட்டுவதும் பர்மியத்தில். இங்கே கைத்தொழில் தெரிந்தவர்களை 'சயா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். சயா பாய்லரைச் சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டி, காதை வைத்துக் கேட்டார். தட்டின இடமெல்லாம் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"அக்கா, இனி ஒட்டு போட இதுல நல்ல இரும்பே இல்ல. வால்வும் இறுகிப் போச்சு. இதுக்கு மேல என்ன இருக்கு? யாரும் படுக்கறீங்களா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "சாமி ரூம், சயா. யாரும் படுக்கறதில்ல."

பொய் சொல்லும்போது ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். சயாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் வருடா வருடம் தீ மிதிக்கிறவர். சாமி ரூம் என்றதும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அப்ப மொதல்ல மேல போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வேலையத் தொடங்கலாமே?"

"எங்க குலதெய்வம். வெளியாளு பாக்கக் கூடாது."

அன்றைக்கு அதை ஒப்புக்கொண்டார். ஆனால் பாய்லரின் புகைக்குழாய் மாடி அறையின் மூலை வழியாகத்தான் கூரைக்குப் போகிறது என்பதையும், புதுப் பாய்லருக்கு அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அவர் போன பிறகு படியில் உட்கார்ந்து யோசித்தேன். பாய்லரை மாற்றாவிட்டால், வெடித்து மகனைத் தூக்கிப்போடும். மாற்றினால், வேற்றாள் வந்து மகனைப் பார்த்துவிடுவான். தொழிலை நிறுத்திவிடலாம் என்றார் என் கணவர். நிறுத்தினால் மூன்று பேரும் எதைத் தின்பது?

வேலை தொடங்கிய நாளில் சயா இரண்டு ஆட்களோடு வந்தார். பழைய பாய்லர் வாசல் வழியாக முழுசாகப் போகாது என்று, கேஸ் வைத்துத் துண்டு துண்டாக வெட்டினார்கள். மகனிடம் பாயைவிட்டு எழக் கூடாது என்று சொல்லி, தண்ணீர்ப் பாட்டிலும் வாழைப்பழமும் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் அது தேக்குப் பலகை. புரண்டு படுத்தாலே முனகும். அது முனகும்போதெல்லாம் நான் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டேன். வெட்டுகிற புகை மேலே ஏறியதும் அவனுக்கு இருமல் வந்தது. மேலே ஒரு இருமல் கேட்டால், கீழே நான் மூன்று இருமினேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் சயா தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம்.

"இன்னைக்கு மேல புகைக்குழாய்த் துளைய பெருசா வெட்டணும், அக்கா. சாமி இருக்கற எடம். மன்னிப்புக் கேக்காம கை வச்சா எனக்கு ஆகாது."

"சயா, சொன்னேனே, வெளியாளு…"

"நான் பாக்க மாட்டேன். கண்ண மூடிக்கிறேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான். படியை மறித்து நின்றேன். அவர் பணிவாக, நான் விலகட்டும் என்று தட்டோடு காத்து நின்றார். அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் மறித்தால் அவர்களுக்கே சந்தேகம் வரும். மகனுக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கலாம் என்றால், எனக்குத் தெரிந்த இரண்டு மொழியும் சயாவுக்கும் தெரியும். நான் விலகினேன்.

பதின்மூன்று படி. அவர் ஒவ்வொன்றாக ஏறினார். கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் இடியாப்ப மாவில் கையை வைத்தபடியே அசையாமல் இருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் கற்பூர வாசனை இறங்கி வந்தது. அதற்குப் பின்னால் சயா வந்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தம் ஆட்களிடம் நீட்டினார், அவர்கள் ஒற்றிக்கொண்டார்கள். என் கணவரிடம் நீட்டினார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"கும்பிட்டாச்சு, அக்கா. உக்கிரமான சாமி. மேல வேலைய நான் மட்டும் பாத்துக்கறேன்." ஆட்கள் பக்கம் திரும்பி, இந்தப் படியில் ஒருத்தனும் கால் வைக்கக் கூடாது என்று பர்மியத்தில் அதட்டினார்.

அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இரண்டு மணி நேரம் அவர் மேலே இருந்தார். கீழே ஆட்கள் புதுப் பாய்லரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தும் சத்தத்துக்கு நடுவே, மேலே இரண்டு குரல்கள் பர்மியத்தில் மெதுவாகப் பேசுவது எனக்குக் கேட்டது. ஒரு தடவை என் மகன் சிரித்தான். எட்டு மாதமாக என்னிடம் சிரிக்காதவன். சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சயா இறங்கி வந்தபோது கையில் பழைய புகைக்குழாயின் ஒரு துண்டு இருந்தது. இணைப்பு அரித்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவ்வளவு நாளா இந்தப் புகையத்தான் இழுத்துட்டுக் கெடந்துருக்கு உங்க சாமி."

அவன் என்னிடம் சொல்லவேயில்லை. சொன்னால் ஆள் கூப்பிட வேண்டிவரும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும், பழைய பாய்லருக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் புதுப் பாய்லரை மூட்டினோம். அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது. சயா வால்வைத் தூக்கிப் பார்த்தார். ஆவி சீறிக்கொண்டு வெளியே வந்து அடங்கியது. ஆட்களை வண்டியோடு முன்னால் அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டே சயா சொன்னார்.

"என் வீட்லயும் ஒரு சாமி இருந்துச்சு, அக்கா."

நான் துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஆறு மாசம் வச்சிருந்தோம். யாரும் வந்து தேடல. யாரும் காட்டிக் குடுக்கல. ஒரு நாள் டீ குடிச்சிட்டு வரேன்னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டு எறங்கிப் போனான். எங்க தெரு முனையிலதான் கடை."

"அப்புறம்?"

"அதான், போனான்."

"நான் என்ன செய்யட்டும், சயா?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே செஞ்சிருக்க மாட்டேனா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மாதமும் நான் வெளியிலிருந்து யார் வருவார்கள் என்றுதான் பயந்தேன். உள்ளிருந்து அவன் போய்விடுவான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்று முழுவதும் அவன் சிரித்த சிரிப்பே என் காதில் இருந்தது. ஒரு மனுஷனோடு இரண்டு மணி நேரம் பேசியவனுக்கு, இனி அந்த நாலு சுவர் போதுமா?

அடுத்த நாள் சந்தையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். அவன் அறைக் கதவில், வெளிப்பக்கம் போட வேண்டும் என்றேன். என் கணவர் முடியாது என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் என்னிடம் முடியாது என்று சொன்னது அன்றுதான். நானே ஸ்குரூ டிரைவரை எடுத்து முடுக்கினேன். வெந்த கை எரிந்தது.

"கீழ பாய்லருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அவன் எப்படி எறங்குவான்?" என்று கேட்டார்.

"அதான் புதுசு போட்டாச்சே," என்றேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை.

முதல் தடவை தாழ்ப்பாள் போட்டபோது, உள்ளே பலகையில் நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன. என் மகன் திட்டுவான், கதவைத் தட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கதவுக்குப் பக்கத்தில் வந்து, மெல்லப் பர்மியத்தில் கேட்டான்.

"அமே, பாய்லர் பத்த வைக்கறதுக்கு முன்னாடி வந்து தொறந்து விட்டுருவீங்கல்ல?"

இங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கும் நான் அமேதான். திறந்துவிடுகிறேன் என்றேன்.

ஆனால் நான் விறகு மூட்டும் நேரமும், எங்கள் தெருமுனை டீக்கடை திறக்கும் நேரமும் ஒன்று. இட்லி எல்லாம் வெந்து, கடைகளுக்குப் போய், பாய்லர் ஆறிய பிறகுதான் மேலே ஏறிப்போய்த் திறக்கிறேன்.