ஒரு குரைப்பும் மூன்று டம்ளர் பாலும்

"நாய் வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்லையே?" என்று மாடிவீட்டு அக்கா கேட்டபோதுதான், என் மகள் ஜெனியின் இருமல் பெங்களூர் ஜோகுபாளையத்துத் தெருவுக்கே கேட்கிறது என்று தெரிந்தது. நாலு வயதுக் குழந்தை. இருமினால் அச்சு அசல் நாய் குரைப்பதுபோலவே இருக்கும்.

அதற்குப் பெயர் குரூப் (குரல்வளை வீங்கி மூச்சுப்பாதை குறுகுவது). முதல்முறை மருந்து கொடுத்தார்கள், சரியானது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஸ்ட்ரைடர் (மூச்சை இழுக்கும்போது எழும் கீச்சொலி) கேட்டதும் ஆட்டோ பிடித்து ஓடுவோம். அவள் தொண்டைக்குழி உள்ளே இழுப்பதைப் பார்த்தால் எனக்கு உயிரே போய்விடும்.

காரணம் சொல்ல ஆள் குறைவில்லை. என் மனைவி ஸ்டெல்லா தூசி என்றாள். கோலார் தங்கவயலிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த அவள் அண்ணன் ராபர்ட், "எல்லாம் இந்த பெங்களூர் குளிர்தான் மாப்ள" என்றார். நான் பக்கத்துக் கட்டட வேலையைத் திட்டினேன். குழந்தை இளைத்துவிட்டாள் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா கன்னடக்காரர். "பதே பதே, திரும்பத் திரும்ப வருதுன்னா சும்மா வைரஸ்னு விடக்கூடாது சார். அலர்ஜி இருக்கலாம். மூச்சுக்குழல் பிறவியிலேயே சின்னதா இருக்கலாம். ஸ்கோப், அதான் கேமரா வெச்ச குழாய், உள்ள விட்டுப் பாக்கணும்" என்றார். குறுகலாக இருந்தால் ஆபரேஷன்.

குழந்தையை மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்டெல்லா ஜெபம் செய்தாள். ராபர்ட் காபி மெஷினோடு சண்டை போட்டார். நான் சுவரில் இருந்த கைகழுவும் முறையை மனப்பாடம் செய்தேன்.

"குழல் அளவு சரியா இருக்கு" என்றார் டாக்டர் வெளியே வந்து. மூவரும் அழுதோம். "ஆனா குரல்வளை சிவந்திருக்கு. ரிஃப்ளக்ஸ் (வயிற்று அமிலம் மேலேறுவது). தூங்கும்போது ஏறி அங்க புண்ணாக்குது. சளி பிடிச்சா உடனே வீங்குது."

ஜெனி தெளிந்து எழுந்ததும் அவளிடமே கேட்டார்: "சின்னு, படுக்கறதுக்கு முன்னாடி என்ன குடிப்பே?"

ஜெனி பெருமையாக விரல் மடக்கினாள். "அம்மா பால் தருவா. அம்மா குளிக்கப் போனா அப்பா பால் தருவாரு. அப்புறம் மாமா பாதாம் பால். பன்னும்."

மூவரும் ஒருவரையொருவர் முறைத்தோம். இளைத்த குழந்தையை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தேற்றியிருக்கிறோம்!

"மருந்து பாப்பாக்கு. பத்தியம் உங்க மூணு பேருக்கும்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

இப்போது வீட்டில் ஏழு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடும். ராபர்ட் தெருமுனையில் நின்று பன் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். ஜெனிக்கு அதற்குப் பின் ஒருமுறைதான் குரூப் வந்தது, அதுவும் லேசாக. எல்லாக் குழந்தைக்கும் காரணம் இதுவாகவே இருக்காது. திரும்பத் திரும்ப வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். தொண்டைக்குழி உள்ளே இழுத்தால் காரணம் பேசாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எனக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. இரவில் அவள் லேசாக இருமினாலும், அடுத்த மூச்சு விடும்வரை என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நொடி அவ்வளவு நீளம் என்று முன்பு எனக்குத் தெரியாது.

போன வாரம் மாடிவீட்டு அக்கா நிஜமாகவே நாய் வாங்கினார். சாயங்காலம் அது முதல்முறை குரைத்ததும், ஆளுக்கொரு பக்கத்திலிருந்து மூவரும் பாய்ந்து ஜெனியின் அறை வாசலில் முட்டிக்கொண்டோம். அவள் தரையில் படுத்து யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்ல" என்றாள், தலையைத் தூக்காமலே. "அது நாய்."