வாழைக்கடியில் கிடந்த பானை

நான் குடியேறியிருக்கும் மிசிசாகாவில் என்னோடு வேலை செய்யும் நோரா, அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் பிறந்தவள். இன்று மத்தியானம் சாப்பிடும்போது தன் போனில் ஒரு பழைய பானையின் படத்தைக் காட்டினாள். அவளுடைய தகப்பன் வயலை உழும்போது கண்டெடுத்ததாம். இப்போது அவர்களுடைய ஊர் நூதனசாலையில், அவருடைய பெயரோடு கண்ணாடிக்குள் இருக்கிறதாம்.

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன்.

எங்களுக்கும் ஒருமுறை அப்படியொரு பானை கிடைத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் காணியில் அப்பா வாழை வைக்கக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி எதிலோ பட்டு நின்றது. ஈரச் செம்மண்ணுக்குள் ஒரு பானை, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. விரலால் தடவினேன். குளிர்ந்து, வழவழவென்று இருந்தது.

"ரீச்சரிட்டைக் காட்டட்டே அப்பா?"

அப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வாயைத் திறந்திடாதை பிள்ளை. உது தெரிஞ்சா, பழம்பொருள் இருக்கிற இடமெண்டு சொல்லி அரசாங்கத்து ஆக்கள் வந்து காணியை எடுத்துப்போடுவாங்கள்."

பானையை அவரே அடித்து உடைத்தார். ஓடுகளை மண்ணால் மூடி, அதற்கு மேலேயே வாழையை நட்டார். அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. சரித்திரப் பாடம் நடக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நோரா எழுந்து போனபிறகு என்னால் இருக்க முடியவில்லை. பார்க்கிங்கில் அங்குமிங்கும் நடந்தபடி, இப்போது இந்த நாட்டிலேயே வோபர்னில் இருக்கும் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, வாழைக்குக் கிடங்கு வெட்டேக்க ஒரு பானை வந்ததெல்லே? அதை ஆருக்கும் சொல்லியிருக்கலாமோ?"



"போனில உதெல்லாம் கதைக்காதை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"