மீத்தை விட்டுவிட்டு வந்த காலை

நம்புகிறவர்கள் நம்புங்கள். உங்களைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. போன வருஷம் நவம்பரில் எனக்கும் என் மனைவி தூயெனுக்கும் நடந்தது இது. பேய் இருட்டில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எங்களுக்கு நடந்தது பகலில்.

எங்கள் மகளை வீட்டில் மீத் என்று கூப்பிடுவோம். எங்கள் வியட்நாமில் பலாப்பழம் என்று அர்த்தம். பிறந்தபோது அத்தனை குண்டு. கொரோனா வருஷம் ஆகஸ்டில், சைகோன் முழுக்க அடைத்துக் கிடந்தபோது, அவளைக் காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். எங்களை ஏற்றவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது. பதினெட்டாம் நாள் ஒரு சின்ன அஸ்திச் சாடி வந்தது. அவ்வளவுதான். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அதற்குப் பிறகு தூயென் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். ஹாரன் சத்தம், புகை, அந்த ஆம்புலன்ஸ் வந்து நின்ற அதே சந்து... எல்லாவற்றையும் விட்டு மூன்று நாளாவது குளிர்ச்சியான இடத்தில் இருக்கலாம் என்று அவளைத் தா லாத் மலைநகரத்துக்குக் கிளப்பினேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னாள்.

பைன் மரங்களுக்கு நடுவே, வாடகைக்கு விடும் ஒரு மர வீடு. கீழே சரிவு முழுக்கப் பூத்தோட்டம். வீட்டுக்காரர் ஹுவே அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாள். நல்ல வாய். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் 2.10.

"சைகோன்காரங்கதானே? ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் பல்லு தந்தியடிக்குது பாரு!" என்று சிரித்துக்கொண்டே, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளச் செருப்பு எடுத்து வைத்தார்.

மூன்று ஜோடி. ஒன்று சின்னது.

யாராவது விட்டுப் போனதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு. கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று கிண்ணங்கள்.

"நாங்க ரெண்டு பேர்தான் அக்கா," என்றாள் தூயென்.

அக்கா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "வெக்கமா? சரி சரி. பசிச்சா தானா வரும்."

அவர் அடுப்படிக்குப் போனதும், "அக்காவுக்குக் கண்ணு சரியில்லபோல," என்று நான் சிரிக்கப் பார்த்தேன். தூயென் சிரிக்கவில்லை. மூன்றாவது கிண்ணத்தில் சோறு போட்டு, மேலே தட்டை மூடி வைத்தாள்.

காலையில் தட்டை எடுத்தோம். சோறு காய்ந்து கிடந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் குழி. ஒரு வாய் அளவு.

எலி என்றேன். தட்டு மூடியபடியே இருந்ததே என்று அவள் கேட்கவில்லை.

6.15க்கு நடக்கக் கிளம்பினோம். மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

6.22. பின்னால் சத்தம்.

டப்... டப்... டப்...

சின்னக் கால். பெரிய ஆளால் அப்படி நடக்க முடியாது.

நின்றோம். சத்தமும் நின்றது.

அப்புறம் ஓர் இருமல். ரெண்டு தடவை.

ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை நான் கேட்ட இருமல் அது.

"ஏங்க... அவதான்."

"பேசாத. நட."

"மீத்?"

இருமல் நின்றது.

டப்... டப்... டப்டப்டப்டப்...

ஓடி வந்தது. எங்களை நோக்கி.

நான் அப்பன். கையை நீட்டியிருக்க வேண்டும்.

ஓடினேன்.

தூயெனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கத்தினாள். "விடுங்க! மெதுவாப் போங்க! பிள்ள விழுந்துடும்!"

எட்டு மணி சைகோன் பஸ்ஸில் ஏறிவிட்டோம். வழி முழுக்கத் தூயென் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

10.35. பாவ் லோக்கில் டீ குடிக்க பஸ் நின்றது. போன் அடித்தது. ஹுவே அக்கா.

"என்ன தம்பி இது! பிள்ளையையா மறந்துட்டுப் போவாங்க? வாசல்ல நிக்குது. உள்ள வான்னா வரமாட்டேங்குது. அப்பா வருவாருன்னு சொல்லுது..."

தூயெனுக்குக் கேட்டுவிட்டது. நான் போனை வைப்பதற்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வாடகைக் கார் பிடித்தோம். அவள் டிரைவரிடம், "சீக்கிரம் போங்க, பிள்ள தனியா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. அவள் அங்கேயே நின்றால் போதும், தூக்கிக்கொள்கிறேன் என்று மட்டும் நினைத்தேன்.

1.15க்குப் போய்ச் சேர்ந்தோம். மூடுபனி இல்லை. பளீரென்று வெயில்.

வாசல் காலியாக இருந்தது.

அக்கா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "மறுபடியும் என்ன? எதை விட்டீங்க?"

"பிள்ள எங்க அக்கா?" என்றேன்.

"இப்பத்தானே தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போச்சு! மணி 12.40 இருக்கும்," என்று தூயெனைக் காட்டினார்.

12.40... அப்போது தூயென் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலயே அக்கா," என்றாள்.

"நீதானேம்மா... மாஸ்க் போட்டிருந்த. குரல் உன் குரல்..." அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. "பிள்ள முதல்ல போகமாட்டேன்னுச்சு. அப்புறம் போச்சு... திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே."

அதன்பிறகுதான் மீத் யாரென்று நான் சொன்னேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தூயென் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொம்பள... கையை மெதுவாப் பிடிச்சாளா? இழுத்தாளா?"

அக்கா கையை மறுபடி துடைத்துக்கொண்டார்.

"மெதுவாத்தாம்மா," என்றார். எங்கள் முகத்தைப் பார்க்காமல்.