தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம்

எனக்கு வேலை விளையாட்டு செய்வது. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடுகிற விளையாட்டுகள். இதைச் சொன்னதும் உறவினர்கள் கேட்பவற்றை நான் வரிசைப்படுத்தியே வைத்திருக்கிறேன். முதலாவது, இதற்கா அத்தனை படிப்பு. இரண்டாவது, இதனால் யாருக்கு என்ன பயன். மூன்றாவது கேள்வியாக வராது, பெருமூச்சாக வரும். மூன்றுக்கும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் விளையாடுகிறார்கள் என்று நினைப்பவர்களிடம் பேசிப் பிரயோசனமில்லை. நான் பார்த்தவரை, உடம்பு ஒடிய வேலை செய்கிறவர்களே அதிகம் விளையாடுகிறார்கள். பஸ்சுக்கு நிற்கும்போது, மழை விடக் காத்திருக்கும்போது, வேலைக்கும் வேலைக்கும் நடுவே கிடைக்கிற இடுக்கில்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தகராறு. நான் செய்த ஆட்டமொன்றில் சிலர் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று சோதனைக் குழு கண்டுபிடித்தது. தங்கள் முறையை வீணாக்கி இன்னொருவரை முன்னே தள்ளிவிடுகிறார்களாம். இது பிழை, அடைத்துவிடு என்றார் மேலாளர். அடைக்க மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். காரணம் போடிநாயக்கனூரில், எங்கள் வீட்டு முன்னால் சாக்கடையை மூடிப் போட்டிருந்த கற்பலகையில் கிடக்கிறது. அதைக் கூட்டத்தில் சொல்ல முடியாது. எழுதலாம்.

எண்பதுகளின் நடுவில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அத்தையும் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா லாரியில் போய் மாதக்கணக்கில் வராததால் அவள் எங்களோடு இருந்தாள். விடியும் முன்பே ஜீப்பு எங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கும். ஆனால் உடனே கிளம்பாது. பொட்டிபுரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்சில் வருகிற பெண்களையும் ஏற்றிக்கொண்டால்தான் லோடு நிறையும். அந்தப் பஸ்சு எப்போது வரும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. அதுவரை எல்லோரும் தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு கற்பலகையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பது எழுதாத சட்டம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு கங்காணிக்கு. எஸ்டேட்டில் பெண்களை வேலை வாங்குகிறவர் அவர். பெண்களுக்கெல்லாம் பின்பக்கம், எதிரெதிராகப் போட்ட இரண்டு பெஞ்சுகள். இடம் கிடைக்காதவர்கள் நடுவில் குத்தவைப்பார்கள். கடைசியாக ஏறுகிறவர் படியில் நின்று கூரைக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்சீட்டைப் பற்றி யாராவது வாயெடுத்தால் கங்காணியிடம் பதில் தயாராக இருக்கும்.

"பொம்பள முன்னால உக்காந்தா மலையேறையில வண்டி சூடாகிப்போகும்."

முட்டிவலிக்காரப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். பக்கத்துத் தெரு. உறவு ஏதுமில்லை, ஆனால் ஊருக்கே பெரியம்மா. அவள்தான் ஒருநாள் திருப்பிக் கேட்டாள்: "தெனமும்தேன் சூடாகுது. அப்ப முன்னால உக்காந்து வர்றது யாரு, பொம்பளையா?"

டிரைவர் சிரிப்பை அடக்க ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

காலாண்டு லீவில் ஒருநாள் அம்மா என்னையும் கூட்டிப்போனாள். பின்பக்கம் அத்தையின் காலடியில் உட்கார்ந்தேன். பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு ரோடு கடந்த பிறகுதான் கண்ணில் படும். அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தப் பெஞ்சுக்காரர்கள் அந்தப் பெஞ்சுக்காரர்கள் மேல் போய் விழுவார்கள். பள்ளத்தில் இறங்கினால் எல்லோரும் ஒரு சாண் எழும்பி உட்காருவார்கள். அத்தை மழைக்குப் போடுகிற கொங்காணிச் சாக்கை நாலாக மடித்து அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி வந்தாள். பசிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

பாதி மலையில் இன்னொரு ஜீப்பு முன்மூடியைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றது. மலை ரோட்டில் சூடாகி நிற்கிற வண்டிக்குப் பின்னால் வருகிற வண்டி தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது வழக்கம். எல்லா ஜீப்பிலும் அதற்காகவே ஒரு கேன் கிடக்கும். எங்கள் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். முன்சீட்டிலிருந்து கங்காணியின் குரல் கேட்டது. "நிக்காமப் போப்பா. நேரமாச்சு." நின்ற ஜீப்பின் டிரைவர் நீட்டிய கையை மடக்காமலே சின்னதாகிக்கொண்டு போனதை நான் வளைவு மறைக்கும்வரை பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த மலையைக் கற்பலகையில் கரியால் வரைந்தேன். அதுதான் நான் செய்த முதல் விளையாட்டு. கீழ்க்கோடியில் போடி, மேற்கோடியில் மலையுச்சி மெட்டு, நடுவில் வளைந்து வளைந்து கட்டங்கள். பகடைக்கு ஒருபக்கம் வெள்ளையாக உரசிய நாலு புளியமுத்து. விதிகளும் அதிகமில்லை. தாயம் விழுந்தால்தான் வண்டி கிளம்பும். வளைவுக் கட்டத்தில் போய் நின்றால் வண்டி சூடாகிவிடும், யாராவது தண்ணீர் கொடுக்கும்வரை நகரக் கூடாது. பின்னால் அந்தக் கட்டத்தைக் கடக்கிறவர் தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பஸ்சின் ஹாரன் கேட்கும்போது யார் மேலே இருக்கிறாரோ அவருக்கே ஜெயம்.

முதலில் பெண்கள் எனக்காக ஆடினார்கள், பிறகு அவர்களுக்காக ஆடினார்கள். அத்தை ஒரு ஏலக்காயைத் தன் வண்டியாக வைத்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு உடைந்த வளையல் துண்டு. இரண்டு நாள் பீடி பிடித்தபடி தள்ளி நின்று பார்த்த கங்காணி, மூன்றாம் நாள் ஒரு சோடா மூடியோடு வந்து குத்தவைத்தார். தாயத்தில் தன்னை ஜெயிக்க போடியில் ஆளில்லை என்பது அவருடைய எண்ணம்.

"சும்மா ஆடி என்னத்துக்கு?" என்றாள் பெரியம்மா. "ஜெயிச்சா என்ன தருவீக?"

"என்ன வேணும், கேளு."

"முன்சீட்டு."

"எடுத்துக்க. ஜெயிச்சிட்டு எடுத்துக்க." எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். அங்கே அவருக்குச் சாட்சிகளுக்குக் குறைவில்லை.

அன்று அவர்தான் ஜெயித்தார். மறுநாளும் அவரே. அதற்குப் பிறகு நிலைமை மாறியது. சோடா மூடி ஏதாவதொரு வளைவில் போய் நிற்கும். வளையல் துண்டு கடந்து போகும், கூழாங்கல் போகும், அம்மாவின் பொத்தானும் போகும். ஒருவரும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். ஏலக்காய் சூடாகி நின்றால் மட்டும், "இந்தா ஆத்தா, தண்ணி" என்று நாலு பேர் முந்துவார்கள். தாங்கள் சூடாகி நின்றால் அப்படியே நின்றுகொண்டு கதை பேசுவார்கள். பஸ்சு ஹாரன் அடிக்கும்போது மெட்டில் ஏலக்காய் மட்டும் இருக்கும். அத்தை முந்தானையை உதறிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்காருவாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டிய கங்காணி, பெண்களுக்கு நடுவே உட்கார முடியாமல் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையேறுவார்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஆட்டம் என்றால் எல்லோரும் ஜெயிக்கப் பார்க்க வேண்டும். தாயத்துக்கும் நாலுக்கும் வித்தியாசம் பார்க்காமல் புளியமுத்தை வீசுகிற அத்தை தினமும் ஜெயிப்பது என்ன நியாயம்? இவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

கங்காணி வேறு மாதிரி முடிவு செய்தார். ஒருநாள் சோடா மூடி மூன்றாவது வளைவில் நின்று, எல்லோரும் அதைக் கடந்து போன பிறகு, எழுந்து நின்றார்.

"கள்ள ஆட்டம். எல்லாம் சேந்துக்கிட்டு ஏமாத்துறாளுக."

"தோத்தா அப்படித்தேன் தெரியும், கங்காணி" என்றாள் பெரியம்மா.

"மலையில நிக்கிற வண்டிக்குத் தண்ணி குடுக்காமப் போற வழக்கம் எங்கயாச்சும் உண்டா? என்ன ரூலு இது? ஒரு சின்னப்புள்ள கிறுக்கி வச்சதுக்கு நானும் மதிப்புக் குடுத்து உக்காந்தேன் பாரு." சொல்லிக்கொண்டே பலகையில் காலை வைத்தார். மூன்றாவது வளைவு அவர் செருப்புக்கடியில் அழிந்தது. இனி ஆட்டமும் கிடையாது, சீட்டும் கிடையாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீதான போட்ட? நீயே சொல்லு. இது கள்ள ஆட்டமா, இல்லையா?"

டீக்கடைப் பெஞ்சு முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை பார்க்கவில்லை. கையிலிருந்த ஏலக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ள ஆட்டம்தான் என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் மட்டும் அந்தக் காலை வைக்காமல் இருந்திருந்தால் சொல்லியும் இருப்பேன்.

"மொதல்ல கால எடுங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. நான் கரித்துண்டோடு அவர் செருப்பருகே போய் உட்கார்ந்துகொண்டேன். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு கால் நகர்ந்தது. அழிந்த வளைவை மறுபடி வரைந்து, சோடா மூடியை அது நின்ற கட்டத்திலேயே வைத்தேன்.

"தண்ணி குடுக்கலாம், குடுக்காமயும் போகலாம். அதுதான் ரூலு."

"அதான் ஏன்னு கேக்குறேன். மலையில அப்படியா நடக்குது?"

"நீங்கதான சொன்னீங்க, நான் வந்த அன்னைக்கு. நிக்காமப் போப்பா, நேரமாச்சுன்னு. அந்த ஜீப்புக்கார மாமா கைய நீட்டிக்கிட்டே நின்னாரு. நான் பின்னால இருந்து பாத்தேன்."

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "புள்ள சொல்றது சரிதேண்ணே. அன்னைக்கு எனக்கே மனசு கேக்கல." டீக்கடைக்காரர் அது எந்த ஜீப்பு என்று விசாரிக்கத் தொடங்கினார். அதற்குள் ஹாரன் கேட்டது. "பஸ்சு வந்திருச்சு, வெரசா ஏறுங்க" என்று டிரைவர் முன்கதவைத் திறந்து அத்தைக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். கங்காணி பின்பக்கம் போய்ப் படியில் ஏறினார்.

ஏறப் போன ஒவ்வொருத்தியும் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பெரியம்மா கிள்ளியது அரைநாள் வலித்தது. அத்தை தன் ஏலக்காயை என் வாயில் போட்டுவிட்டுப் போனாள். என் விதியின் அருமை கடைசியில் இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அவர்கள் ஆடுகிற விதம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தலை சீவிவிடும்போது ஒரு புது விதியைச் சொன்னேன். இனிமேல் கடந்து போகிற எல்லோரும் கட்டாயம் தண்ணீர் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அத்தையே ஜெயித்துக்கொண்டிருக்க மாட்டாள். சீப்பு நின்றது.

"இருக்கிற ரூலே இருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

"தை பொறக்கட்டும்."

ஆட்டத்துக்கும் தை மாதத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. அத்தைக்கு அப்போது நாலாவது மாதம். முந்தின வருஷம் உண்டான ஒன்று, அதே பின்பெஞ்சில் போய்வந்துகொண்டிருந்தபோது, தங்காமல் போயிருந்தது. வேலையை விடவும் வழியில்லை, கங்காணியிடம் விஷயத்தைச் சொல்லவும் முடியாது. பிள்ளைத்தாய்ச்சியை அவர் ஜீப்பிலேயே ஏற்ற மாட்டார். அந்தக் கற்பலகையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது. தெரியாத இருவர் கங்காணியும் நானும்.

தை பிறந்தது. அத்தை மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தாள். பங்குனியில் எங்கள் வீட்டில் தொட்டில் கட்டினார்கள். குழந்தை ராத்திரியெல்லாம் அழுதது. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. எனக்கு ஆட்டம்தான் முக்கியம். அத்தை வராத முதல் நாளே, இனி நியாயமாக நடக்கும் என்ற சந்தோஷத்தில் கோடுகளைப் புதிதாக அழுத்தி வரைந்து வைத்திருந்தேன்.

அன்று முட்டிவலிக்காரப் பெரியம்மா ஜெயித்தாள். மறுநாளும் அவளே ஜெயித்தாள். காலை நீட்டிக்கொண்டு அவள் முன்சீட்டில் உட்கார்ந்து போவதைப் பார்த்தபடி நான் வெகுநேரம் யோசித்தேன். முட்டி வலித்தால் தாயம் நன்றாக விழும்போல என்று நினைத்துக்கொண்டேன்.